‘லேக்’ என்று தள்ளிவிடலாமா? மெதுவான சினிமாவும் கல்வராயன் மலையின் காத்திருப்பும்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. ஒரே நாளில் இரண்டு தமிழ்ப் படங்கள் திரைக்கு வந்தன. ஒன்று மாரி செல்வராஜின் ‘வாழை’. இன்னொன்று பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. இரண்டிலும் கிராமம் உண்டு, சாதி உண்டு, இல்லாமை உண்டு. ‘வாழை’யைப் பார்த்து தியேட்டர்களில் பலர் அழுதார்கள். ‘கொட்டுக்காளி’யைப் பார்த்தவர்களில் கணிசமானோர், “என்னப்பா, அவ்ளோதானா?” என்று கேட்டபடி வெளியே வந்தார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தயாரிப்பாளர் சிவகார்த்திகேயன். நாயகன் சூரி. அப்போதுதான் ‘விடுதலை’, ‘கருடன்’ என்று கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். அவரை நம்பி டிக்கெட் எடுத்தவருக்குக் கிடைத்தது என்ன? ஒரு ஷேர் ஆட்டோவும் சில பைக்குகளும் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கின்றன. பாட்டு கிடையாது, பின்னணி இசை கிடையாது. நாயகி அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. வேறு சாதிப் பையனை விரும்பும் அந்தப் பெண்ணுக்குப் ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று வீட்டார் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். அவர்களுடைய முறை வரும்போது படம் முடிந்துவிடுகிறது.

தான் இதைத் தயாரித்திருந்தால் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்க மாட்டேன் என்ற பொருளில் இயக்குநர் அமீர் பேச, விவாதம் சூடுபிடித்தது. ஒரு பக்கம், “பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போன படம், நம்ம ஆட்களுக்குப் புரியல” என்ற அலுப்பு. இன்னொரு பக்கம், “வெளிநாட்டு விழாவுக்கு எடுத்ததை எங்க தலையில ஏன் கட்டுறீங்க?” என்ற கோபம். இரு தரப்பும் ஒரு விஷயத்தைப் பேசாமலே ஒத்துக்கொண்டன: மெதுவான படம் என்பது நம்ம ஊர்ச் சரக்கு இல்லை, வெளியிலிருந்து வந்த ரசனை.

இது சரிதானா என்று பார்க்க சென்னை மல்டிபிளெக்ஸைவிட நல்ல இடம் கள்ளக்குறிச்சி. இரண்டு காரணங்கள். இரவெல்லாம் உட்கார்ந்து மெதுவான கலையைப் பார்க்கும் பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் பல தலைமுறையாக உண்டு. அதோடு, 2024-ல் தமிழ்நாட்டிலேயே அதிகமாகக் கேமராக்கள் மொய்த்த ஊர்களில் இதுவும் ஒன்று.

மரம் ஏறும் அர்ச்சுனன்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முன்பு இவை எல்லாமே பழைய தென்னார்க்காடு. தெருக்கூத்தின் தாய்வீடுகளில் ஒன்று. அரவானுக்காகத் திருநங்கையர் கூடும் கூவாகம், உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நாள்கணக்கில் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கூத்து பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை போகும்.

அதில் ‘அர்ச்சுனன் தபசு’ என்று ஒரு நாள் வரும். பாசுபதாஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் தவம் செய்யும் கதை. உயரமான பனைமரத்தை நட்டு, படி வைத்துக் கட்டியிருப்பார்கள். வேஷக்காரர் அதில் ஏற வேண்டும். அவ்வளவுதான் காட்சி. சட்டென்று ஏறிவிட மாட்டார். ஒரு படி, அதற்கொரு பாட்டு. அடுத்த படி, இன்னொரு பாட்டு. உச்சிக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆகும். மேலே போனதும் எலுமிச்சம்பழம், பூ, விபூதி என்று கீழே போடுவார். குழந்தை வரம் வேண்டி, ஈரப்புடவையோடு மடியேந்திக் காத்திருக்கும் பெண்கள் அதைப் பிடிக்கப் பார்ப்பார்கள்.

ஒரு மனிதர் ஒரு மரத்தில் ஏறுகிறார். சினிமா பாஷையில் சொன்னால் ஒரே லொகேஷன், ஒரே ஆக்‌ஷன், சுத்தமான மினிமலிசம். கீழே இருக்கும் யாரும் அதை ‘லேக்’ என்று சொல்வதில்லை. அந்த எலுமிச்சம்பழம் யார் மடியில் விழப்போகிறது என்பது அங்கே நிற்கும் பெண்ணுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. ஏறுகிறவர் ஒவ்வொரு படியிலும் தாமதிக்கத் தாமதிக்க அந்த மடி கனக்கிறது. தாமதம்தான் அங்கே நாடகம்.

ஆனால் கூத்து ரசிகருக்கு இருக்கும் சில வசதிகள் தியேட்டர் ரசிகருக்குக் கிடையாது. தூக்கம் வந்தால் கூத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். துரியோதனன் வரும்போது பக்கத்தில் இருப்பவர் எழுப்பிவிடுவார். டீ குடித்துவிட்டு வரலாம். நடுநடுவே கட்டியங்காரன் வந்து ஊர் நியாயம் பேசிச் சிரிக்கவைப்பான். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி, பார்வையாளரைத் தூங்கவைக்கும் படங்கள் தனக்குப் பிடிக்கும் என்று சொன்னது உலக சினிமா வட்டாரத்தில் பிரபலம். கூத்துப் பார்த்து வளர்ந்த ஒருவரிடம் அதைச் சொன்னால், “இதுல என்ன இருக்கு?” என்றுதான் கேட்பார்.

ஆக, பொறுமை இல்லாத ஜனங்கள் என்ற குற்றச்சாட்டு நிற்காது. காத்திருப்பதற்கு ஒரு காரணத்தைப் படம் கொடுத்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கூழாங்கல் குவியல்

வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ அந்தக் காரணத்தைக் கொடுத்தது. 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். தியேட்டருக்கு வராமல் 2023 அக்டோபரில் நேராக சோனி லிவ் ஓடிடியில் வெளியானது. ஓடும் நேரம் 75 நிமிடத்துக்குள்தான்.

கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். குடிகார அப்பா, பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைக் கூட்டிவர மாமியார் ஊருக்குப் போகிறான். திரும்பும்போது பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப்போட்டுவிட, இரண்டு பேரும் மதுரைப் பக்கத்து வெயிலில் நடக்கிறார்கள். படத்தில் பெரும்பகுதி அந்த நடைதான். கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு இப்படி நடந்தே வந்த தன் சகோதரியின் அனுபவமே கதைக்கு விதை என்று இயக்குநர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

தாகம் தெரியாமல் இருக்கப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் இருக்கிறது. எத்தனை முறை இப்படி நடந்திருக்கிறார்கள் என்று யாரும் வசனம் பேசவில்லை. அந்தக் கற்களே கணக்குச் சொல்கின்றன. நடையைச் சீக்கிரமாக வெட்டி முடித்திருந்தால் அந்தக் குவியல் வெறும் கல்லாகத்தான் தெரிந்திருக்கும். வெயிலில் அவர்களோடு நாற்பது நிமிடம் நடந்தவருக்கு மட்டும் ஒவ்வொரு கல்லும் ஒரு பகல் என்று உறைக்கும்.

கடைசிக் காட்சி இன்னும் கடுமை. தரையில் ஒரு குழி. அதில் ஊறும் தண்ணீரை ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். மற்றவர்கள் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா நகரவே இல்லை. ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று பார்ப்பவருக்கு எரிச்சல் வருவது நியாயமே. ஊற்று ஊறும் வேகம் அதுதான். இங்கே படம் மெதுவாக இல்லை. தண்ணீர் மெதுவாக வருகிறது.

இந்த வித்தை புதிதும் இல்லை. பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அக்கர்மன் 1975-ல் எடுத்த ‘ஜான் டீல்மான்’, ஒரு வீட்டுப் பெண்ணின் மூன்று நாள்களை மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் காட்டுகிறது. உருளைக்கிழங்கு தோல் சீவுவதுகூட முழுசாக வரும். 2022-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் சிறந்த படமாக முதலிடம் பிடித்தது அதுதான். ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ பார்த்தவர்களுக்கு விஷயம் உடனே புரியும். பாத்திரம் தேய்ப்பதை ஒருமுறை காட்டினால் அது தகவல். பத்து முறை காட்டினால் முதுகு வலிக்க ஆரம்பிக்கும். அந்த முதுகுவலியை டயலாக்கால் கொண்டுவர முடியாது.

நல்ல மெதுவான படம் செய்வது இதைத்தான். பெண்ணுடையதோ, கூலிக்காரருடையதோ, குழந்தையுடையதோ, யாராவது ஒருவருடைய நேரம் எங்கோ பறிபோகிறது. அது நமக்குக் கண்ணில் படுவதில்லை. அதைப் படம் நம் நேரத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறது. பார்ப்பவருக்கு வலிக்கத்தான் செய்யும்.

‘கொட்டுக்காளி’யின் மௌனமும் இந்த வகைதான். ஆட்டோவைச் சுற்றி ஆண்கள் ஓயாமல் பேசுகிறார்கள். சூரிக்குத் தொண்டை கட்டிப் போயிருக்கிறது, சுண்ணாம்பு தடவியிருக்கிறார். ஆனாலும் குரல் குறைவதில்லை. நடுவழியில் மைக்செட் பாட்டு ஒன்றை அந்தப் பெண் லேசாக முணுமுணுத்ததற்காக அவளைப் போட்டு அடிக்கிறார். பேசினால் அடி என்ற இடத்தில் பேசாமல் இருப்பது அவளிடம் மிச்சமிருக்கும் ஒரே பிடிவாதம். தலைப்பும் அதைத்தான் சொல்கிறது. முடிவு மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம். ஒன்றரை மணி நேரம் ஆட்டோவில் வந்தவரை வாசலில் இறக்கிவிட்டு ‘மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க’ என்று சொன்னால், கோபப்படுகிறவரை ரசனை இல்லாதவர் என்று ஒதுக்க முடியாது.

ஜூன் மாதத்துக் கேமராக்கள்

இப்போது கள்ளக்குறிச்சிக்குத் திரும்பலாம். 2024 ஜூனில் நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் முழுக்க நேரலை. வரிசையாகக் கிடத்திய உடல்கள், அழும் பெண்களின் முகத்துக்குப் பக்கத்தில் மைக், அதற்குமேல் சோகமான பின்னணி இசை, கீழே ஓடும் எண்ணிக்கை. செய்திக்கு அந்த வேகம் தேவைதான். ஆனால் எண்ணிக்கை ஏறுவது நின்றதும் கேமராக்கள் கிளம்பிவிட்டன.

கேமரா கிளம்பிய பிறகுதான் நேரம் நீள ஆரம்பிக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அரசு அறிவித்த 10 லட்சம் ரூபாய்க்கான நடைமுறை, கண்பார்வை மங்கிப்போனவரோடு மருத்துவமனை வரிசை. மசாலாப் படம் இந்தக் கதையைத் தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் ஊகிக்கலாம்: இடைவேளைக்கு முன் சாவு, இடைவேளைக்குப் பின் சாராயக் கும்பலோடு சண்டை, கிளைமாக்ஸில் நீதி. அலுவலக பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரத்துக்கு அந்தப் படத்தில் இடம் இருக்காது. அந்த இடம் மெதுவான சினிமாவுக்கு உரியது. செய்தியும் கமர்ஷியலும் விட்டுப்போனதை எடுத்துக்கொள்ள வேறு ஆளில்லை.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. விஷச் சாராயம் என்றதும் எல்லோருடைய பார்வையும் மேற்கே கல்வராயன் மலைக்குப் போனது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டம். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள் வாழும் இடம். பெயரைப் பார்த்துக் கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், மலையில் வாழ்பவர்கள் என்றுதான் பொருள். மரவள்ளி, சிறுதானியம், கடுக்காய் என்று பிழைப்பு. சாராய ஊறலுக்கும் அந்த மலை பல ஆண்டுகளாகப் போலீஸ் பதிவேட்டில் உண்டு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், கல்வி என்று அடிப்படை வசதிகளைப் பற்றியே கேள்விகள் எழுந்தன.

இன்னொரு தகவல், தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாதது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு விடுதலையாகி கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் கழித்துத்தான் ஜாகீர் முறை முடிந்து மலை முழுசாக அரசின் கைக்கு வந்தது. சமவெளியில் ஜமீன் ஒழிந்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்ட காலம் அது. மலை பிந்தியே ஓடியது; ஓடவைக்கப்பட்டது.

இப்படிப்பட்ட மலைக்கு நாளை ஒரு இளம் இயக்குநர் கேமராவோடு போகிறார் என்று வையுங்கள். விடியற்காலை. பனிமூட்டம். மண்சாலை ஓரத்தில் ஒரு பாட்டி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறார். ஃபிரேம் தானாக அமையும். நான்கு நிமிடம் கட் இல்லாமல் வைத்தால் எந்த விழாவிலும் தலையாட்டுவார்கள். ‘மலையின் நிதானம்’, ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்றெல்லாம் விமர்சனம் வரும்.

பாட்டி நிதானமாக இல்லை. அவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும், பஸ் வரல.

மினிமலிசத்தின் பெரிய ஆபத்து இதுதான். அரசு செய்யாமல் விட்டதால் வந்த தாமதத்தை அழகான அமைதியாக மாற்றிவிட அதனால் முடியும். கேமராவைக் கையில் எடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. நல்ல லென்ஸும் நல்ல வெளிச்சமும் போதும்.

இன்னொரு ஆபத்து, ஏழைகளை ஊமையாக்குவது. விழாப் படங்களில் கிராமத்து மனிதர்கள் அதிகம் பேசமாட்டார்கள். பீடி பற்றவைப்பார்கள், தூரத்தை வெறிப்பார்கள். நிஜத்தில் அப்படியொரு ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றால் போதும். கிண்டல், சண்டை, கடன் கணக்கு, அரசியல் என்று வாய் ஓயாது. காசு குறைவாக இருப்பவருக்குப் பேச்சு ஒன்றுதான் செலவில்லாத சொத்து. அதையும் படத்தில் பிடுங்கிக்கொண்டு ‘மௌனத்தின் கவித்துவம்’ என்றால் எப்படி? ‘கொட்டுக்காளி’யில் அந்தப் பெண்ணின் மௌனம் உறுத்துவதற்குக் காரணமே அவளைச் சுற்றியுள்ள சத்தம்தான். எல்லோரும் மௌனமாக இருந்திருந்தால் அது வெறும் ஸ்டைல்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். குறைவாகச் சொல்வது என்று முடிவெடுத்தால் முதலில் விழுவது காரணங்கள். ஜாகீர் முறையை ஒரு மௌனமான ஷாட்டில் காட்ட முடியாது. மெத்தனால் எந்தக் கை வழியாக எந்தக் கைக்கு வந்தது என்பதைக் காற்றில் ஆடும் கோரைப்புல் சொல்லாது. காரணம் விழுந்துவிட்டால் மிஞ்சுவது விதி. சாவு மழைபோல, வெயில்போல ஆகிவிடும். யார் மீதும் குற்றம் இருக்காது. சம்பந்தப்பட்டவர்களுக்கு இதைவிட வசதியான படம் வேறில்லை.

ஒரு ஏலக்காய் மூட்டை

இந்தக் குழிகளில் விழாமல் ஒரு மலைப் படம் எடுக்க முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. விஜய் சேதுபதி தயாரிப்பு, இளையராஜா இசை. 2018 ஆகஸ்ட் 24-ல் வெளியானது. தேனிப் பக்கத்து மலையில் சுமை தூக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்கணும். முதல் பாதியில் பெரிதாக எதுவும் நடக்காது. மனிதர்கள் மலை ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், வழியில் டீ குடிக்கிறார்கள், நிறையப் பேசுகிறார்கள். ஒரு கிழவர் மூட்டையை இறக்கமாட்டேன் என்று வீம்பு பிடிக்கிறார்.

பார்ப்பவர் ‘கதை எங்கப்பா?’ என்று கேட்கத் தொடங்கும்போதே, மலை அவருக்குப் பழகிவிடுகிறது. பிறகு சாலை வருகிறது, விவசாயம் மாறுகிறது, கடன் வருகிறது, சங்கம் உடைகிறது, நிலம் போகிறது. கடைசியில் தனக்குச் சொந்தமாக இருந்த இடத்தில் நிற்கும் காற்றாலைக்கே ரங்கசாமி வாட்ச்மேன். படம் மெதுவாக நடந்தாலும் கணக்கு வழக்கை மறைக்கவில்லை. யாரிடம் வாங்கினார், யாரிடம் இழந்தார் என்பது தெளிவாகத் தெரியும். அந்த முதல் பாதியின் ஏற்ற இறக்கங்களை ‘டிரிம்’ செய்திருந்தால் கடைசி ஷாட்டில் தெரிவது வெறும் காற்றாடிகளாக இருந்திருக்கும்.

மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’யும் (2022) அப்படித்தான். நல்லாண்டி என்ற அசல் விவசாயியின் நடை வேகத்தில் படம் போகிறது. ஆனால் நீதிமன்றக் காட்சிகளில் தியேட்டரே சிரிக்கும். கட்டியங்காரனுக்கு அங்கே இடம் இருக்கிறது. மெதுவான படம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

1.5 மடங்கு வேகத்தில் ஒரு மலை

இனி, பார்க்கிறவர் பக்கம். மெதுவான தமிழ்ப் படங்களைப் பலர் இன்று பார்ப்பது போனில். மின்சார ரயிலில், ஆபீஸ் கேப்பில், தூங்கப் போகும் முன் படுக்கையில். நெட்ஃபிளிக்ஸ் 2020-லேயே ஆண்ட்ராய்டு போன்களில் 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதியைக் கொடுத்துவிட்டது. யூடியூபில் இரண்டு மடங்கு. மசாலாப் படத்தை 1.5-ல் பார்த்தால் கதை கிடைத்துவிடும். ‘கூழாங்கல்’லின் கடைசிக் காட்சியை 1.5-ல் பார்த்தால் தண்ணீர் சீக்கிரம் ஊறுகிறது. படம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

திரை அளவும் ஒரு பிரச்சினை. நீள ஷாட்டில் மனிதர்கள் தூரத்தில், சின்னதாக இருப்பார்கள். ஐம்பது அடித் திரையில் அந்த உருவத்தின் தோள் தொங்குவது தெரியும். ஆறு அங்குலத்தில் எறும்புதான் தெரியும். பின்னணி இசை இல்லாத படத்தில் சத்தம்தான் பாதிக் கதை. ரயில் இரைச்சலில் அதுவும் போச்சு. இதில் போரடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இப்படிப் பார்த்துவிட்டு ‘லேக்’ என்று எழுதுகிறவரைக் குறை சொல்வதில் பாதிதான் நியாயம். தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்காத படத்தை அவர் வேறெங்கே பார்ப்பார்?

தியேட்டர் கணக்கு இரக்கமற்றது. 2024 செப்டம்பர் 27-ல் வெளியான ‘மெய்யழகன்’ மினிமலிசப் படம் இல்லை. நட்சத்திரங்கள் உண்டு, இசை உண்டு. நிதானமாகப் பேசும் படம், அவ்வளவுதான். அதற்கே சில நாள்களில் சுமார் 18 நிமிடத்தை வெட்ட வேண்டி வந்தது. பிறகு ஓடிடியில் பார்த்தவர்கள் அந்தப் பேச்சைத்தான் கொண்டாடினார்கள்.

இதெல்லாம் இன்றைய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். தென்னார்க்காட்டுக்காரரான ஜெயகாந்தன், தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலைத் தானே படமாக எடுத்து 1965-ல் வெளியிட்டார். பாட்டு இல்லை, குடிசைப் பகுதி வாழ்க்கை. தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் கிடைத்தது, தியேட்டர்கள் கைவிட்டன. விருது ஒரு பக்கம், திரையரங்கம் ஒரு பக்கம் என்ற பிளவுக்கு இப்போது அறுபது வயது. ‘கூழாங்கல்’ ராட்டர்டாமுக்கும் ‘கொட்டுக்காளி’ பெர்லினுக்கும் முதலில் போனது இந்தப் பிளவின் தொடர்ச்சி. படத்துக்குக் காசும் பெயரும் அங்கே கிடைக்கும் என்றால், படம் எடுக்கிறவரின் மனதில் உட்கார்ந்திருக்கும் ரசிகரும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே குடியேறிவிடுவார். அந்த ரசிகருக்கு ஜாகீர் முறையும் தெரியாது, கள்ளக்குறிச்சிப் பேச்சின் கிண்டலும் எட்டாது. சப்டைட்டிலில் நிற்காத எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டால், மிஞ்சுவது பனிமூட்டமும் பாட்டியும்தான்.

இதற்கு ஒரு மாற்று மருந்து உண்டு, செலவும் அதிகமில்லை. கல்வராயன் மலையைப் பற்றிப் படம் எடுத்தால் அதை முதலில் மலையிலேயே போட்டுக் காட்டலாம். தியேட்டருக்கு என்றால் மலைக்காரர்கள் கீழே இறங்கி வர வேண்டும். இரவுக் காட்சி முடிந்து எப்படித் திரும்புவது என்பது தனிப் பாடு. வெள்ளிமலையில் ஒரு பள்ளி மைதானம் போதும். திரை கட்டி, ஒரு ப்ரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர். பத்து மணிக்கு ஆரம்பிக்கலாம், பாய் கொண்டுவரச் சொல்லலாம். அந்த நான்கு நிமிட ஷாட்டில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாட்டியைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள், யார் “இன்னைக்கும் வரல போல” என்று சத்தமாகச் சொல்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று இயக்குநர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். கூத்துக்காரர்கள் அதை ஒவ்வொரு ராத்திரியும் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் தாளத்தைக் கூட்டணும், எந்தப் படியில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.